ரோஸியின் மௌனமும் நமது ஞாபகமும்

மறக்கப்பட்ட ஒருவரை ஞாபகப்படுத்துவது நல்ல காரியம் என்பதில் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. மறதி அநியாயம், ஞாபகம் நியாயம் என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்ட விஷயமாகிவிட்டது. சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் அதில் எழுதுகிறவர்களுக்கும் இது இன்னும் சௌகரியம். கவனிக்கப்படாத எழுத்தாளனைப் பற்றியோ, இரண்டாம் பதிப்பு காணாத புத்தகத்தைப் பற்றியோ எழுத உட்காரும்போதே நாம் நியாயத்தின் தரப்பில் நின்றுவிடுகிறோம். நம் காரியத்தில் பாதி இந்த மாதிரி மீட்டெடுப்புதான். ஆகவே இந்தக் கேள்வியை முதலில் நம்மிடமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவரைப் பிறர் அடித்துத் துரத்தினார்கள். பிறகு அவர் தானும் வாய்மூடி, அந்த மறதிக்குள்ளேயே குடித்தனம் நடத்தி, அதற்குள்ளேயே காலத்தை முடித்துக்கொண்டார். அப்படிப்பட்டவரை வெளிச்சத்துக்கு இழுத்துவர நமக்கு என்ன பாத்தியதை?

பி.கே. ரோஸியை மனத்தில் வைத்துத்தான் இதைக் கேட்கிறேன். மலையாளத்தின் முதல் படம் என்று கணக்கிடப்படும் 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தின் கதாநாயகி அவர். 1903-ல் திருவனந்தபுரத்தில் புலையர் குடும்பத்தில் ராஜம்மாவாகப் பிறந்தவர். கூலி வேலை செய்தவர். காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். காக்காரிசி, தமிழும் மலையாளமும் கலந்த பாஷையில் நடக்கும் தெக்கன் திருவாங்கூர் நாட்டார் நாடகம். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிவந்த கலை. அதில் ஒரு பெண், அதுவும் புலையர் பெண், மேடையேறியது சின்ன விஷயமில்லை.

படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். 1900-ல் பிறந்த கிறிஸ்தவ நாடார். நிலத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் 'திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்று ஸ்டூடியோ வைத்து, கதை எழுதி, காமிரா பிடித்து, டைரக்ட் செய்து, தானே நடித்தும் ஒரு படத்தை முடித்தார். அதில் ரோஸிக்குக் கொடுத்த பாத்திரம் சரோஜினி என்ற நாயர் பெண். படம் திருவனந்தபுரம் காப்பிட்டால் தியேட்டரில் முதலில் ஓடியது. வெளியான தேதியாக 1928 நவம்பர் 7 என்றும் 1930 அக்டோபர் 23 என்றும் இரண்டு சொல்கிறார்கள். அன்றைக்கு நடந்ததைப் பற்றிய வரலாற்றில் சாராம்சம் ஒன்றுதான். ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் வந்ததை அங்கிருந்த மேல்ஜாதிப் பார்வையாளர்கள் பொறுக்கவில்லை. கூச்சல் போட்டார்கள். திரையின் மேல் கல்லெறிந்தார்கள். பிறகு அவருடைய குடிசையைக் கொளுத்தினார்கள். நாகர்கோவில் பக்கம் போகிற ஒரு லாரியில் ஏறி அவர் தப்பினார். லாரி ஓட்டியவரையே மணந்துகொண்டு ராஜம்மாள் என்ற பெயரில் மிச்ச வாழ்க்கையை வாழ்ந்தார். இன்னொரு படத்தில் அவர் நடிக்கவில்லை. நடித்த ஒரு படமும் இன்று இல்லை. சில ஸ்டில்கள்தான் மிச்சம்.

என்ன குற்றம் என்று முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது. சினிமாவில் ஒரு பெண் நடித்தது அக்காலத்தில் கௌரவக் குறைவு, வாஸ்தவம். 1913-ல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது தாராமதி வேஷத்துக்குப் பெண் கிடைக்காமல், ஹோட்டலில் வேலை பார்த்த சாளுங்கே என்ற ஆணுக்குச் சேலை கட்டிவிட்டார். ஆனால் அதே வருஷம் 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்துவிட்டார்கள். அவர்களை யாரும் ஊரை விட்டு ஓட்டியதாகச் செய்தி இல்லை. ஆகவே பெண் நடித்தது மட்டும் ரோஸியின் குற்றமாக முடியாது.

நடிப்பு என்பதன் அடிப்படையில் ஒரு அனுமானம் இருக்கிறது. ஒரு உடம்பு இன்னொரு ஜீவனைச் சற்று நேரம் தாங்கலாம் என்பது அந்த அனுமானம். ஜாதியின் அடிப்படையிலும் ஒரு அனுமானம் இருக்கிறது. ஒரு உடம்பு ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும், பிறந்ததிலிருந்து எரியும்வரை. இரண்டும் நேருக்கு நேர் மோத வேண்டியவை. ஆனால் நம் மரபில் இவை மோதிக்கொள்ளாமல் பலகாலம் சேர்ந்தே இருந்திருக்கின்றன. காரணம், வேஷத்துக்கு ஒரு திசை விதிக்கப்பட்டிருந்தது. மேலே இருப்பவர் கீழே இறங்கி வேஷம் கட்டலாம். அது லீலை, கலை, பக்தி. ரோஸி நடித்த காக்காரிசியிலேயே பரமசிவன் காக்காலனாகவும் பார்வதியும் கங்கையும் குறி சொல்லும் காக்காத்திகளாகவும் வருகிறார்கள். யாருக்கும் கோபம் வருவதில்லை. 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். பெண் ஆணாக, தீண்டத்தகாதவராக. அதற்கு அவருக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்பது அன்றைய தமிழ்நாட்டின் பெரிய செய்தி. ரோஸிக்குத் தினம் ஐந்து ரூபாய் கூலி என்று சொல்லப்படுகிறது.

'விகதகுமாரன்' கதையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. திருவாங்கூர்ப் பணக்காரர் ஒருவரின் பிள்ளையை இலங்கைக்குக் கடத்திப் போய்விடுகிறார்கள். அவன் அங்கே எஸ்டேட்டில் கூலியாக வளர்கிறான். கடைசியில் அவன் யாரென்று தெரிய, குடும்பம் சேர்கிறது. பெரிய இடத்துப் பிள்ளை கூலியாக இருப்பதைக் காப்பிட்டால் தியேட்டரில் இருந்தவர்கள் அனுதாபத்தோடு பார்த்திருக்க முடியும்; உள்ளே இருப்பது பெரிய இடத்து ரத்தம்தானே. கூலிக்காரி ஒருத்தி பெரிய இடத்துப் பெண்ணாக இருப்பதை மட்டும் அவர்களால் பார்க்க முடியவில்லை. ஒரே படத்தில் இரண்டு திசைகளும் இருந்தன. எந்தத் திசையில் கல் விழுந்தது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இதைச் சில முரடர்களின் ஆத்திரம் என்று ஒதுக்க முடியாது. திருவாங்கூரில் இது சட்டமாகவே இருந்தது. தோள்சீலைக் கலகத்தின் முடிவில், 1859 ஜூலையில், நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று சமஸ்தானம் அறிவித்தது. ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்று அதே அறிவிப்பில் நிபந்தனை வைத்தது. மூடலாம், பாவனை செய்யக்கூடாது. எழுபது வருஷங்கழித்து, அந்தப் பெண்களின் வம்சத்தில் வந்த ஒருவர் காமிராவுக்குப் பின்னால் நின்று, அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த ஜாதிப் பெண் ஒருத்திக்கு நாயர் பெண்ணின் உடையைக் கொடுத்தார். டேனியல் இதை யோசித்துச் செய்தாரா என்பது முக்கியமில்லை. 1859-ன் நிபந்தனையைத் திரையில் ஒரு உடம்பு மீறியது. சமஸ்தானம் செய்ய வேண்டிய போலீஸ் வேலையைப் பார்வையாளர்கள் செய்தார்கள்.

இங்கே ஒரு பிரெஞ்சு நடிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மியூசிதோரா என்ற பெயரில் பிரசித்தமான ழான் ரோக். 1889-ல் பாரிஸில் பிறந்தவர். 1915-16-ல் ஃபேயாத் எடுத்த 'லெ வாம்பிர்' என்ற பத்துப் பாகத் தொடரில், உடம்பை ஒட்டிய கறுப்பு உடையில் இர்மா வெப் என்ற கொள்ளைக்காரியாக வந்து ஒரு தலைமுறையையே கிறங்கடித்தவர். அவரும் ஒழுக்கத்தைப் பிறாண்டிய உருவம்தான். ஆனால் பிரான்ஸ் அந்த உருவத்தைக் கொண்டாட வழி கண்டுபிடித்தது. 1928-ல் ஆந்த்ரே பிரத்தோனும் லூயி அரகோனும் சேர்ந்து அவருக்காகவே ஒரு நாடகம் எழுதினார்கள். சொல்லப்படும் இரண்டு தேதிகளில் முந்தியது சரியென்றால், ரோஸி லாரியேறியதும் அதே வருஷத்தில்தான். மியூசிதோரா தானே படங்கள் டைரக்ட் செய்தார், எழுதினார். வயதான பிறகு ஆன்ரி லாங்லுவாவின் சினிமாத்தெக் என்ற படக் காப்பகத்தில் வேலை பார்த்தார். 1957-ல் இறக்கும்வரை, மௌனப் பட யுகத்தின் ஞாபகங்களைக் காப்பாற்றும் இடத்திலேயே அவர் இருந்தார்.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைப்பது 'அங்கே பார், இங்கே பார்' என்று அங்கலாய்ப்பதற்கு அல்ல. புகழ் போய்விட்ட நடிகைகள் பிரான்ஸிலும் உண்டு. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மியூசிதோராவுக்குத் தன் பிம்பத்தின் மேல் பாத்தியதை இருந்தது. அதைக் காட்டலாம், மறைக்கலாம், திருத்தலாம், அதைப் பற்றி அலுத்துக்கொள்ளலாம். ரோஸிக்குத் தன் பிம்பத்தைப் பொறுத்தவரை செய்ய முடிந்த ஒரே காரியம், அது தன்னுடையது என்று சொல்லாமலிருப்பது. அந்த ஒன்றை அவர் கடைசிவரை செய்தார்.

இந்த மௌனத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அன்றைக்கு நாகர்கோவிலும் திருவாங்கூர்தான். மகாராஜாவின் எல்லைக்குள்ளேயே அவர் ஓடினார்; பாஷையின் எல்லையை மட்டுமே கடந்தார். தமிழ் பேசுகிற ஊரில் ஒரு ராஜம்மாள் கூட்டத்தோடு கூட்டமாகலாம். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் பக்கத்துச் செங்கோட்டையைப் போலவே நாகர்கோவிலும் தமிழர் தரப்புக்கு வந்தது. இருந்த இடத்தில் இருந்துகொண்டே அவர் வேறு மாநிலத்துப் பிரஜையானார். சங்கரன்கோவிலிலிருந்து நாகர்கோவில் அரைநாள் பஸ் பயணத்துக்கும் குறைவு. நம் அத்தைகளும் சித்திகளும் எந்தக் கடையில் அரிசி வாங்கினார்களோ, எந்தக் குழாயடியில் நின்றார்களோ, அப்படிப்பட்ட ஒரு தெருவில்தான் தென்னிந்திய சினிமாவின் ஆரம்பகாலக் கதாநாயகி ஒருவர் யாரென்று தெரியாமல் இருந்தார்.

இதைத் துயரம் என்று மட்டும் சொல்லிவிடலாமா? எனக்குத் தயக்கமிருக்கிறது. அவருக்குக் கணவர் இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள். தினசரி வாழ்க்கை என்று ஒன்று இருந்தது. எரிந்த குடிசையிலிருந்து புறப்பட்ட ஒரு பெண் இதையெல்லாம் கட்டி எழுப்பினார் என்றால், அதற்கு அஸ்திவாரம் அந்த மௌனம். நாம் 'இழந்தார் இழந்தார்' என்று எழுதும்போது, அவர் சம்பாதித்த ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். கலையை வாழ்க்கையின் உச்சமாக நினைக்கிற நம் போன்றவர்களுக்கு, பத்து நாள் நடித்த ஒரு படம் உண்மையான ரோஸியாகவும், பிறகு வந்த பல பத்து வருஷங்கள் வெறும் தலைமறைவாகவும் தோன்றுகின்றன. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும் என்பதற்கு என்ன நிச்சயம்?

ஆனால் இந்த வாதம் போகிற வழி ஆபத்தானது. 'அவரே மறக்க விரும்பினார், விட்டுவிடுவோம்' என்று சொல்வது மரியாதை போலத் தொனிக்கும். அந்த மரியாதையால் லாபமடைகிறவர்கள் யார் என்று பார்த்தால் தொனி மாறிவிடும். ஒருவரைக் கல்லால் அடித்து ஓட்டிவிட்டு, ஓடிப்போனவர் திரும்பிப் பார்க்காததை அவருடைய சுயவிருப்பம் என்று சொல்வது கல்லெறிந்தவர்களுக்கு மிகவும் சௌகரியமான தத்துவம். பயத்திலிருந்து பிறந்த மௌனத்தைத் தேர்வு என்று முழுக்கச் சொல்ல முடியாது. முழுக்கப் பயம் என்றும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அந்த மனுஷியின் சாமர்த்தியத்தையும் மானத்தையும் அழித்துவிடுகிறோம். பலவந்தமாகத் தள்ளப்பட்ட இடத்தில் ஒருவர் தன்னுடையது என்று ஒரு வீட்டைக் கட்டிக்கொள்கிறார். தள்ளியது அநியாயம் என்பதால் வீடு அவருடையது இல்லை என்றாகிவிடாது. வீடு அவருடையது என்பதால் தள்ளியது நியாயம் என்றும் ஆகிவிடாது.

வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இதைப் பற்றி யோசிக்க ஒரு ஸ்தூலமான உதாரணம் கைவசம் இருக்கிறது. பத்து வருஷம் யாரும் தொடாத டெப்பாசிட்டை நாங்கள் ரிசர்வ் வங்கியிடம் இருக்கும் ஒரு நிதிக்கு அனுப்பிவிட வேண்டும். 2014-லிருந்து அப்படி விதி. அனுப்பியதால் பணம் ரிசர்வ் வங்கியுடையதாகிவிடுவதில்லை. உரியவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டும். அதேபோல நாமினி என்று ஒருவர் இருக்கிறார். பணம் போட்டவர் இறந்துவிட்டால் கவுண்டரில் வந்து தொகையைப் பெறுகிறவர் அவர். ஜனங்கள் நினைப்பது நாமினிதான் சொந்தக்காரர் என்று. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நாமினி பெற்றுக்கொள்ள மட்டுமே உரியவர். வாரிசுகளுக்காக வைத்திருக்கக் கடமைப்பட்ட வெறும் கை.

ரோஸியின் பெயரை இன்று பலர் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். கேரள அரசு 1992-ல் தன் உயர்ந்த சினிமா விருதை ஏற்படுத்தி அதற்கு டேனியல் பெயரை வைத்தது. டேனியல் 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்து பதினேழு வருஷங்களுக்குப் பிறகு. ரோஸியின் முறை இன்னும் தாமதமாக வந்தது. வினு ஆபிரஹாம் அவரைப் பற்றி நாவல் எழுதினார். 2013-ல் கமலின் 'செல்லுலாயிட்' வந்தது. 2019-ல் மலையாள சினிமாப் பெண்களின் கூட்டமைப்பு தன் திரைப்படச் சங்கத்துக்கு அவர் பெயரை வைத்தது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து வைத்தது. அவருடையது என்று ஒரு புகைப்படம் எங்கும் சுற்றுகிறது. அது அவர்தானா என்பதில் தகராறு இருக்கிறது. முகமில்லாத ஒருவருக்கு முகம் வேண்டும் என்ற அவசரத்தில், கிடைத்த முகத்தைப் பொருத்திவிடுகிறோம்.

இவர்கள் எல்லோரும் ஒரே தரத்தில் பெற்றுக்கொள்கிறவர்களா? இல்லை. தலித் இயக்கத்தினர் அந்தப் பெயரைச் சொல்லும்போது, அதற்குப் பின்னால் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 1893-ல் புலையர் போகக்கூடாத பாதையில் அய்யன்காளி வில்வண்டி ஓட்டியதும், 1915-ல் பெரிநாட்டில் புலையப் பெண்கள் ஜாதி அடையாளமான கல்மாலையை அறுத்தெறிந்ததும் ரோஸியின் உடம்பு திரையில் வந்து நின்றதற்கு முந்திய அத்தியாயங்கள். கல்மாலைகள் கழன்றபோது ரோஸிக்குப் பன்னிரண்டு வயது. சினிமாவில் வேலை செய்கிற பெண்கள் அவர் பெயரைச் சொல்லும்போது, தாங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கும் இடத்தைச் சொல்கிறார்கள். இவர்கள் வாரிசுகள். ரோஸியே மௌனமாக இருந்தாலும் அந்தச் சொத்தில் இவர்களுக்குப் பங்கு உண்டு. இவர்களும் அதே கல்லை வாங்கியவர்கள், வாங்குகிறவர்கள். மற்றபடி சினிமா சரித்திரத்தில் ருசி உள்ளவர்களும், கட்டுரை எழுதுகிறவர்களும், அருமையான சோகக் கதை என்று கண் கலங்குகிறவர்களும் நாமினிகள். அதிலும் பணம் போட்டவர் நம் பெயரை எழுதி வைக்காத நாமினிகள்.

அப்படியானால் நாம் வாய்மூடிவிட வேண்டுமா? ஒரு கற்பனையை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். ட்ரையரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தின் மூல நெகடிவ் 1928-லேயே தீயில் போய்விட்டது. ஃபால்கொனெத்தியின் அந்த முகத்தை அது இருந்தபடியே இனிப் பார்க்க முடியாது என்று உலகம் இருந்தபோது, 1981-ல் ஆஸ்லோ பக்கத்து மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு பிரதி கிடைத்தது. நம் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. நாகர்கோவில்காரரான சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்டவர்மா' என்ற மௌனப் படம், நாவலின் பதிப்புரிமைத் தகராறில் சிக்கிப் புத்தகக் கடைக்காரர்களிடம் முடங்கியது. அப்படி முடங்கியதாலேயே பிழைத்து, 1974-ல் பூனா ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆகவே 'விகதகுமாரன்' ஒரு நாள் கிடைக்காது என்று சொல்ல முடியாது. கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தகரப் பெட்டி, உள்ளே சுருள், சுத்தம் செய்து திரையிடுகிறார்கள். நாமும் போய் உட்காருகிறோம். சரோஜினி வருகிறாள்.

நாம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்? தியேட்டரில் திரைக்கு எதிரே ஒரு பக்கம்தான் இருக்கிறது. 1928-லோ 1930-லோ காப்பிட்டாலில் அவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம். நாம் கல்லெறியப்போவதில்லை, கைதட்டுவோம், சிலர் அழுவோம். ஆனால் அவர்கள் பார்த்த அதே விஷயத்தைத்தான் நாமும் பார்ப்போம்: 'இவள் ஒரு புலையப் பெண், நாயர் பெண்ணாக வருகிறாள்.' அந்தத் தகவல் இல்லாமல் நம்மால் சரோஜினியைப் பார்க்கவே முடியாது. நமது அனுதாபமும் அவர்களுடைய ஆத்திரமும் அந்த ஒரே தகவலில் தொங்குகின்றன. நடிகையாக அவர் கேட்டது, அந்தச் சிறிது நேரத்துக்காவது அதை மறந்துவிட்டுச் சரோஜினியைப் பார் என்பது. எந்த நடிகையும் கேட்பது இதைத்தான். அந்த ஒன்றை அவர்களும் கொடுக்கவில்லை, நாமும் கொடுக்கப்போவதில்லை. அவர் நன்றாக நடித்தாரா என்று இதுவரை யாரும் கேட்டதாகக்கூடத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

இதற்காக நாம் வெட்கப்பட்டுப் பிரயோசனமில்லை. 1928-க்குப் பிறகு அந்தத் தகவலை மறப்பதும் ஒரு பொய்யாகிவிடும். ஆனால் நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஞாபகத்தின் திசையை மாற்ற முடியும் என்று நினைக்கிறேன்.

தமிழில் செயப்பாட்டு வினைக்கு நாம் சேர்ப்பது 'படு' என்ற சொல். துன்பப்படு, அவமானப்படு என்பதிலும் அதே 'படு'தான். கல் எறியப்பட்டது, வீடு கொளுத்தப்பட்டது, ரோஸி விரட்டப்பட்டார் என்று இந்தக் கதையை எழுதுவது வழக்கம். இந்த வாக்கியங்களில் பட்டவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், செய்தவர்கள் இல்லை. பட்டவருடைய பெயர், ஜாதி, பிறந்த வருஷம், கூலி, ஓடிய வழி, மாற்றிக்கொண்ட பெயர் எல்லாவற்றையும் துருவுகிறோம். படத்தைத் தொடங்கி வைத்த மள்ளூர் கோவிந்தப் பிள்ளை என்ற வக்கீலின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கல்லெறிந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வழங்கும் வரலாற்றில் இல்லை. அவர்களுக்கும் வேலை இருந்தது, மனைவி மக்கள் இருந்தார்கள். அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் யாரும் தாத்தா கல்லெறிந்தவர் என்று சொல்லிக்கொள்வதில்லை. ரோஸி மௌனமாக இருந்தார் என்று வியக்கிறோம். அவர்களும் மௌனமாகத்தான் இருந்தார்கள். அந்த மௌனத்தைக் கலைக்க யாரும் லாரி டிரைவரைத் தேடிப்போகவில்லை.

கூட்டம் என்று ஒரு தனி ஜாதி மிருகம் கிடையாது. எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு புராணம் உண்டு. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள் சிவன் பெரியவனா, விஷ்ணு பெரியவனா என்று சண்டை போட்டார்கள். இருவரும் ஒரே உடம்பில் நிற்பதைக் காண வேண்டுமென்று கோமதியம்மன் தவம் செய்தாள். சங்கரநாராயணனாகக் காட்சி கிடைத்தது. ஒரு உடம்பில் இரண்டு இருக்கலாம் என்பதைப் பார்ப்பதற்கு அம்மனே தவம் செய்ய வேண்டியிருந்தது. ஆடித் தபசு அன்று அந்தக் காட்சிக்காக ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. காப்பிட்டால் தியேட்டரில் இருந்தவர்களும் இந்த மாதிரிக் கோயிலில் கைகூப்பி நிற்கத் தெரிந்தவர்கள்தான். தெய்வத்தின் உடம்பில் அவர்களால் இரண்டைப் பார்க்க முடிந்தது. ஒரு கூலிக்காரப் பெண்ணின் உடம்பில் முடியவில்லை. அந்தப் பெண்ணுடைய ஜாதியாருக்குக் கோயில் கதவு திறக்கத் திருவாங்கூரில் 1936 நவம்பர் வரை, சென்னை மாகாணத்தில் 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ரோஸியின் பெயரும் அந்த அவமானத்தின் சரித்திரமும் அவர் வாரிசுகளுடையவை. அவர்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டியது நம் போன்றவர்கள் கடமை. நாகர்கோவிலில் ராஜம்மாள் வாழ்ந்த வருஷங்கள் அவருடையவை. அவற்றைத் தோண்டி, அவருக்கு ஏக்கம் இருந்ததா, சினிமாக் கொட்டகைப் பக்கம் போனாரா, பழைய போட்டோ ஏதாவது பெட்டியில் வைத்திருந்தாரா என்று கதை கட்டுவது, பூட்டிய வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுதான். நாம் உரிமையோடு ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடியது ஒன்று இருக்கிறது. அதற்கு நாம் நாமினிகளல்ல, நேர் வாரிசுகள். அது அந்தத் தியேட்டர்: அதில் நிறைந்திருந்தவர்கள், அவர்களுக்கு 1859-லேயே வழி சொல்லிக்கொடுத்த அரசு, மேலிருந்து கீழே வேஷம் கட்டினால் கலை என்றும் கீழிருந்து மேலே கட்டினால் கலகம் என்றும் நம்முடைய ரசனைக்குள்ளேயே ஊறியிருக்கும் கணக்கு.

இதை எழுதுவது கடினம். பட்டவரைப் பற்றி எழுதும்போது கிடைக்கிற கனிவு இதில் கிடைக்காது. ஆதாரமும் சுலபத்தில் கிடைக்காது. கல்லெறிந்தவன் கையெழுத்துப் போட்டுவிட்டு எறிவதில்லை. ஆனால் குறைந்தபட்சம் வாக்கியங்களைச் செய்வினையில் எழுதலாம். திருவனந்தபுரத்து மேல்ஜாதிக்காரர்கள் கல்லெறிந்தார்கள். அவர்கள் அவருடைய வீட்டைக் கொளுத்தினார்கள். அவரை விரட்டினார்கள். பெயர் தெரியாவிட்டாலும் எழுவாய் தெரியும். விமர்சனம் என்ற பெயரில் நாம் நடத்துகிற மீட்டெடுப்புக் காரியங்கள் எல்லாவற்றிலும், மறக்கப்பட்டவரின் பக்கத்தில் மறக்கடித்தவரையும் வாக்கியத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினால், அடுத்த சரோஜினியைப் பார்க்க உட்காருகிறபோது நம் கை எங்கே இருக்கிறது என்று நாமே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.